சாப்பிட்ட பிறகு சீனி ஏன் ஏறுகிறது? குடல் ஹார்மோன்கள் பற்றி நம் ஊரில் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் இனிப்பு நீர் (நீரிழிவு நோய்) இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளியிலும் இரத்தப் பரிசோதனை முகாம் போடும்போது, விரல் நுனியில் ஊசி குத்தும் அந்த ஒரு நிமிடத்தில் ஜனங்கள் மனதில் இருப்பதையெல்லாம் கேட்டுவிடுவார்கள். நர்ஸ் வேலையில் இருந்த காலத்திலிருந்து இன்றுவரை நான் கேட்ட கேள்விகளில் அடிக்கடி வருபவை இவை. கணையம், இன்சுலின் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் சாப்பிட்ட பின் சீனியைக் கட்டுக்குள் வைப்பதில் குடலுக்கு இருக்கும் பங்கை நம் ஜனங்களிடம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அது தெரிந்தால் சாப்பாடு, பசி, மாத்திரை, ஊசி எல்லாமே வேறு மாதிரி விளங்கும்.

ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டால் உள்ளே என்னதான் நடக்கிறது?

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆரோக்கியமான ஒருவருடைய இரத்தம் முழுவதிலும், அதாவது சுமார் 5 லிட்டரில், எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் சீனி ஏறக்குறைய 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி. நாம் மதியம் சாப்பிடும் சோற்றில், சமைத்தது 250 கிராம் என்று வைத்தால், சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அது முழுவதும் செரித்துச் சீனியாகி இரத்தத்துக்குத்தான் வந்தாக வேண்டும். ஒரு தேக்கரண்டி இருக்கும் இடத்தில் பதினான்கு தேக்கரண்டி வந்து விழுகிறது. அப்படியிருந்தும் நல்ல உடம்பில் சீனி கொஞ்சம் ஏறி இரண்டு மணி நேரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

இதற்கு மூன்று வேலைகள் சரியாக நடக்க வேண்டும். இரைப்பை சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விட வேண்டும். இரத்தத்தில் இருக்கும் சீனியை உடம்புச் செல்களுக்குள் அனுப்பும் இன்சுலினைக் கணையம் நேரத்தோடு சுரக்க வேண்டும். கல்லீரல், தான் சேமித்து வைத்திருக்கும் சீனியை வெளியே விடுவதை நிறுத்த வேண்டும். இந்த மூன்றுக்கும் தகவல் குடலிலிருந்து போகிறது.

குடல் ஹார்மோன் என்றால் என்ன?

குடலின் உட்சுவரில் அங்கங்கே தனித்தனியாகச் சில செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. சாப்பாடு தங்களைக் கடந்து போகும்போது அதில் இருக்கும் சீனி, கொழுப்பு, புரதம் ஆகியவற்றை உணர்ந்து இரத்தத்தில் ஹார்மோனை, அதாவது வேறு உறுப்புக்குச் செய்தி கொண்டுபோகும் பொருளை, விடுகின்றன. சீனி விஷயத்தில் முக்கியமானவை இரண்டு. சிறுகுடலின் மேல்பகுதியில் இருக்கும் ‘கே’ செல்கள் ஜி.ஐ.பி. என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ‘எல்’ செல்கள் சுரப்பது ஜி.எல்.பி-1. இந்த எல் செல்கள் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் அதிகம், மேலேயும் கொஞ்சம் உண்டு. இந்த இரண்டு ஹார்மோன்களுக்கும் சேர்த்து இன்க்ரெட்டின் என்று பெயர்.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போதே ஆலைக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டால் அங்கே ஆட்கள் தயாராக நிற்பார்கள். இந்த ஹார்மோன்கள் செய்வதும் அதைத்தான். சீனி இரத்தத்தில் பெருகுவதற்கு முன்பே கணையத்துக்குச் செய்தி போய்விடுகிறது. சாப்பிட ஆரம்பித்துச் சில நிமிடங்களிலேயே ஜி.எல்.பி-1 இரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது.

ஜி.எல்.பி-1 ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்க்கிறது. கணையத்தில் இன்சுலினைத் தூண்டுகிறது. அதே கணையம் சுரக்கும் குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோனை அடக்குகிறது. கல்லீரலிடம் சீனியை வெளியே விடச் சொல்வது இந்தக் குளுக்ககான்தான். ஜி.எல்.பி-1 இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைக்கிறது. மூளைக்கு ‘போதும்’ என்று சொல்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சீனி உயர்ந்திருக்கும்போது மட்டும்தான் அது இன்சுலினைத் தூண்டும் என்பது. சீனி இறங்கிவிட்டால் தூண்டுதலும் நின்றுவிடும். மாத்திரை பற்றிய கேள்வியில் இது திரும்ப வரும், நினைவில் வையுங்கள்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் குடலிலிருந்து செக்ரெட்டின் என்ற பொருள் இரத்தம் வழியாகப் போய்க் கணையத்தைச் செரிமான நீர் சுரக்க வைப்பதைக் கண்டார்கள். ஹார்மோன் என்ற சொல்லையே ஸ்டார்லிங் அதற்குப் பிறகு 1905-ல்தான் பயன்படுத்தினார். ஆக, நமக்குத் தெரிய வந்த முதல் ஹார்மோன்களில் ஒன்றே குடல் ஹார்மோன்தான்.

1960-களில் நடந்த சோதனை இன்னும் தெளிவானது. ஒரே ஆளுக்கு ஒருமுறை குளுக்கோஸை வாய் வழியாகக் குடிக்கக் கொடுத்தார்கள், இன்னொருமுறை இரத்த நரம்பில் ஏற்றினார்கள். வாய் வழியாகப் போனபோது இன்சுலின் அதிகமாகச் சுரந்தது. பிறகு இரண்டு முறையும் இரத்தத்தில் சீனியின் அளவு ஒன்றாகவே இருக்கும்படி சரிபார்த்துச் செய்தபோதும் அதே முடிவு வந்தது. நரம்பு வழியாகப் போனால் குடலுக்குத் தெரியாது, வாய் வழியாகப் போனால் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆரோக்கியமானவர்களிடம், வாய் வழியாகக் குளுக்கோஸ் குடித்தபின் சுரக்கும் இன்சுலினில் பாதி முதல் 70 விழுக்காடு வரை குடல் ஹார்மோன்களால் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஜி.ஐ.பி. 1970-களின் தொடக்கத்திலும், ஜி.எல்.பி-1 1980-களிலும் அடையாளம் காணப்பட்டன. ஜி.எல்.பி-1 வேலையில் ஸ்வெத்லானா மொய்சோவ், ஜோயல் ஹேபனர், யென்ஸ் ஹோல்ஸ்ட் ஆகியோரின் பங்கு பெரியது.

இனிப்பு நீர் வந்தவர்களுக்கு இது எங்கே பழுதாகிறது?

நம்மிடையே அதிகம் இருக்கும் இரண்டாம் வகை இனிப்பு நீரில் இந்த இன்க்ரெட்டின் விளைவு நன்றாகக் குறைந்துபோகிறது. குடல் ஹார்மோனைச் சுரக்கத்தான் செய்கிறது. கணையம்தான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. குறிப்பாக ஜி.ஐ.பி.க்குக் கணையம் அசைவதே இல்லை என்கிற அளவுக்குப் போய்விடும். ஜி.எல்.பி-1 விஷயத்தில் மட்டும், அதிக அளவில் கொடுத்தால் கணையம் இன்னும் பதில் சொல்கிறது. மருந்து கண்டுபிடித்தவர்கள் ஜி.எல்.பி-1-ஐப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

விளைவு என்ன? சாப்பிட்டவுடன் வர வேண்டிய இன்சுலின் தாமதமாகவும் குறைவாகவும் வருகிறது. குளுக்ககான் அடங்காததால், வயிற்றில் சோறு இருக்கும்போதே கல்லீரலும் தன் பங்குக்குச் சீனியை ஊற்றிக்கொண்டிருக்கிறது. ‘நான் கொஞ்சம்தான் சாப்பிட்டேன், மீட்டர் 14 காட்டுது’ என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். அந்த 14-இல் அவர்கள் கல்லீரல் போட்டதும் சேர்ந்திருக்கிறது.

காலையில் வெறும் வயிற்றில் 6.2 தான் காட்டுகிறது. அப்புறம் ஏன் டாக்டர் கட்டுப்பாட்டில் இல்லை என்கிறார்?

இதைக் கேட்காத முகாமே கிடையாது. கிளினிக் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, இரவில் வெறும் பிஸ்கட்டோடு படுத்து, காலையில் நல்ல நம்பரோடு போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. நோயின் தொடக்கத்தில் பலருக்கு வெறும் வயிற்று அளவு ஓரளவு ஒழுங்காகவே இருக்கும், சாப்பிட்ட பிறகு ஏறுவதுதான் முதலில் கெடும். நாம் ஒரு நாளில் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி ‘சாப்பிட்ட பிறகு’ என்ற கணக்கில்தான் போகிறது. காலைப் பசியாறல், பத்து மணித் தே, மதியச் சோறு, சாயங்காலப் பலகாரம், இரவுச் சாப்பாடு என்று அடுத்தடுத்து வருகிறதே.

ஹெச்.பி.ஏ1சி என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். அதில் மறைக்க முடியாது. மலேசிய மருத்துவ வழிகாட்டியில் 6.3 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் இனிப்பு நீர். வீட்டில் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அதே வழிகாட்டி சொல்லும் இலக்கு, சாப்பிடும் முன் 4.4 முதல் 7.0 வரை, சாப்பிட்ட பின் 4.4 முதல் 8.5 வரை. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர் இதைத் தளர்த்தி வைப்பார்.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் போனில் 140, 200 என்று சொன்னால் பயப்படாதீர்கள். அங்கே அளவு மில்லிகிராமில், நம் மீட்டரில் மில்லிமோலில். அவர்கள் எண்ணை 18-ஆல் வகுத்தால் நம் எண் வரும்.

சாப்பிட்ட பின் பார்ப்பதென்றால், முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. கை கழுவிய நேரத்திலிருந்து கிடையாது. விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ரம்புத்தான் உரித்த கையோடு நீட்டினால் பழச்சாற்றில் இருக்கும் சீனியையும் மீட்டர் சேர்த்துக் காட்டும்.

காய்கறியை முதலில் சாப்பிட்டால் சீனி குறைவாக ஏறும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மருந்தில்லாமல் நாம் செய்யக்கூடியவற்றில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

2015-ல் நியூயார்க்கில், மெட்ஃபார்மின் என்ற சீனி மாத்திரை சாப்பிடும் இரண்டாம் வகைக்காரர்கள் 11 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். ஒரே சாப்பாடு: ரொட்டி, ஆரஞ்சுச் சாறு, கோழி, காய்கறி. ஒரு நாள் ரொட்டியும் சாறும் முதலில், கால் மணி நேரம் கழித்துக் கோழியும் காய்கறியும். இன்னொரு நாள் அப்படியே தலைகீழ். கோழியும் காய்கறியும் முதலில் போன நாளில், ஒரு மணி நேரத்தில் பார்த்த சீனி 37 விழுக்காடு குறைவாக இருந்தது. சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் குறைக்கவில்லை, வரிசையை மட்டும் மாற்றினார்கள். 11 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் ஜப்பான் உட்பட வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் காட்டுகின்றன. மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிடும்போது ஜி.எல்.பி-1 கூடுதலாகச் சுரப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

காரணம் விளங்கும். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் குடல் செல்கள் சோறு வருமுன்பே ஹார்மோனை விட்டுவிடுகின்றன. இரைப்பை வேகம் குறைகிறது. பின்னால் வரும் சோறு நிதானமாக இறங்குகிறது.

நம் பழக்கத்தில் இதைச் செய்வது கஷ்டமே இல்லை. வாழை இலையில் முதலில் வைப்பது என்ன? பொரியலும் கூட்டும் கீரையும்தானே. நாம்தான் அதைத் தொடாமல், சோறும் சாம்பாரும் வரட்டும் என்று வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அன்னதானப் பந்தியில் அந்த நான்கைந்து நிமிடத்தில் முட்டைக்கோஸையும் கீரையையும் பருப்பையும் சாப்பிட்டு முடித்துவிடலாம். வீட்டில் என்றால் மீனோ முட்டையோ கோழியோ ஒரு துண்டும் கங்கோங் கீரையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, மிச்சக் கறியைச் சோற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கறி வயிற்றுக்குள் போகாது என்று சொல்பவர்கள் உண்டு. உப்பும் காரமும் குறைத்துச் சமைத்தால் போகும்.

உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது சோற்றுக்குச் சொந்தம்.

அவசரமாக விழுங்குவதும் ஒரு காரணம். ஒரே அளவு ஐஸ்கிரீமை ஐந்து நிமிடத்திலும் அரை மணி நேரத்திலும் சாப்பிட வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மெதுவாகச் சாப்பிட்ட அன்று ஜி.எல்.பி-1 கூடுதலாக இருந்தது. வேலை இடத்தில் அரை மணி நேரம் கிடைக்காது, தெரியும். வீட்டு இரவுச் சாப்பாட்டிலாவது முயலுங்கள்.

தே தாரேக் ஒரு கிளாஸ்தானே, அதில் என்ன வந்துவிடப்போகிறது?

திரவமாகப் போகும் சீனி இரைப்பையில் தங்காது. மென்று சாப்பிடும் பொருளை விட வேகமாகக் குடலுக்குள் இறங்கி, வேகமாக இரத்தத்தில் ஏறும். வயிறும் நிறைந்த மாதிரி இருக்காது, அதனால் அடுத்து வரும் ரொட்டி சானாய் எப்போதும்போல் இரண்டு உள்ளே போகும். தே தாரேக்கில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. கடை மைலோவும் அப்படித்தான். மைலோ சத்து பானம் என்று நினைத்துக் காய்ச்சல்கார இனிப்பு நீர்க்காரருக்கு இரண்டு கிளாஸ் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கம் 2019 ஜூலை முதல், அடைத்து விற்கும் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது, பிறகு அதை உயர்த்தியது. கடையில் கலக்கித் தரும் தேவுக்கு அந்த வரி இல்லை, அதைக் குறைக்க நாம்தான் பார்க்க வேண்டும். ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்டுப் பழகுங்கள். இரண்டு வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

விடியும் முன் வேலைக்குப் போகிறேன். பத்து மணி வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை. நல்லதுதானே?

பெரும்பாலானோருக்கு நல்லதில்லை. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) நின்றுவிட்டு வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்டவோ குலை வெட்டவோ போவது நம் தோட்டத்துப் பழக்கம். 2015-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் இரண்டாம் வகைக்காரர்களிடம் செய்த ஓர் ஆய்வில், காலைச் சாப்பாட்டைத் தவிர்த்த நாட்களில் மதியத்திலும் இரவிலும் அதே சாப்பாட்டுக்குச் சீனி அதிகமாக ஏறியது, ஜி.எல்.பி-1 குறைவாகவே சுரந்தது. காலையில் சாப்பிட்டது மதியச் சாப்பாட்டுக்கும் உதவுகிறது என்று அர்த்தம். ஓர் அவித்த முட்டையும் ஒரு தோசையும் போதும்.

கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அந்த மாத்திரைகள் சீனி உயர்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு வெயிலில் உழைத்தால் சீனி 4-க்குக் கீழே போய்க் கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும், ஆள் தாறுமாறாகப் பேசுவார். குடித்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வையுங்கள், கால் மணி நேரத்தில் திரும்பச் சோதியுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999 கூப்பிடுங்கள். சட்டைப் பையில் நான்கு மிட்டாய் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகச் சொல்லி எல்லோரிடமும் கெஞ்சுவேன்.

பழைய சோறு, வெந்தயம், பெட்டாய், பாகற்காய்?

சோறு ஆறிக் குளிர்ந்தால் அதில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத மாவுச்சத்தாக மாறும். அது பெருங்குடல் வரை போய் அங்கிருக்கும் கிருமிகளுக்கு உணவாகும். அவை அதிலிருந்து உண்டாக்கும் சிறு கொழுப்பு அமிலங்களை எல் செல்கள் உணர்ந்து ஜி.எல்.பி-1 விடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மாறும் பகுதி கொஞ்சம்தான். பழைய சோறு என்பதற்காக இரண்டு மங்கு சாப்பிட்டால் கணக்கு கெட்டது. நம் ஊர் வெப்பத்தில் இரவு முழுக்க வெளியே வைத்த சோற்றில் வயிற்றுப்போக்குக் கிருமி வளரும் ஆபத்தும் உண்டு, குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

வெந்தயத்தில் கொழகொழப்பான நார்ச்சத்து அதிகம், சீனி ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். பாகற்காயும் பெட்டாயும் காய்கறியாகச் சாப்பிட நல்லவை. எதற்காகவும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

எனக்கு மட்டும் பசி அடங்கவே மாட்டேன் என்கிறது. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று வீட்டில் ஏசுகிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அதைக் குனிந்துகொண்டே கேட்டார். கேட்கும் பெண்கள் எல்லோருமே அநேகமாக அப்படித்தான் கேட்கிறார்கள்.

பசியும் ஹார்மோன்தான். இரைப்பை சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டும். 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. சாப்பிடச் சாப்பிட ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய்., சி.சி.கே. என்ற ஹார்மோன்கள் எழுந்து பசியை அடக்க வேண்டும். எடை கூடியவர்களில் பலருக்கு இந்த அடக்கும் செய்தி பலமில்லாமல் போகிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கிரெலின் இன்னும் ஏறுகிறது, உடம்பு போன எடையைத் திரும்பக் கேட்கிறது. அதை வெறும் மன உறுதியால் தினமும் எதிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஏசுகிறவர்களுக்குத் தெரியாது.

இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலை மாற்றி இணைக்கும் அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு, எடை பெரிதாகக் குறையும் முன்பே சில நாட்களில் சீனி இறங்குவதுண்டு. சாப்பாடு சீக்கிரமாகக் குடலின் கீழ்ப்பகுதியைத் தொடுவதால் ஜி.எல்.பி-1 பல மடங்கு சுரப்பது அதற்கு ஒரு காரணம். அவர்களுக்குப் பசியும் அடங்கிவிடுகிறது. ஒரே நாளில் அவர்கள் ஒழுக்கசாலியாகிவிடவில்லை, ஹார்மோன் மாறியது.

ஆகவே அக்கா, தங்கச்சி யாராக இருந்தாலும் சொல்கிறேன்: வெட்கப்படாமல் டாக்டரிடம் ‘பசி அடங்கவில்லை’ என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். அது நோயின் அறிகுறியாகவே எழுதப்பட வேண்டிய விஷயம். சாப்பாட்டில் பருப்பு, முட்டை, தெம்பே, மீன் என்று புரதத்தைக் கூட்டினால் இந்த அடக்கும் ஹார்மோன்கள் கொஞ்சம் கூடுதலாக எழும்.

சாப்பிட்டவுடன் நடக்கலாமா?

நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே சீனியை இழுத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து நிமிடம், லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும்.

கிளினிக்கில் தரும் மருந்துகளில் குடல் ஹார்மோனோடு சம்பந்தப்பட்டது எது?

உடம்பில் சுரக்கும் ஜி.எல்.பி-1-க்கு ஆயுள் இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடையாது. டி.பி.பி-4 என்ற நொதி அதை வெட்டிவிடுகிறது. அந்த நொதியைத் தடுப்பவைதான் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்ற மாத்திரைகள். முதலில் வந்த சிட்டாகிளிப்டினுக்கு அமெரிக்காவில் 2006-ல் அனுமதி கிடைத்தது. இந்த மாத்திரைகள் நம் சொந்த ஹார்மோனை இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்ய விடுகின்றன. சீனி உயர்ந்தால்தான் ஜி.எல்.பி-1 இன்சுலினைத் தூண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் இவற்றைத் தனியாக எடுக்கும்போது சீனி ஆபத்தாகத் தாழ்ந்துபோவது அரிது. மெட்ஃபார்மினும் மற்ற வேலைகளோடு ஜி.எல்.பி-1-ஐக் கொஞ்சம் கூட்டுகிறது.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி எடுக்கும் மருந்துதானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். விலை குறைவு என்பதால் வேலை குறைவில்லை.

வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் சீனியும் எடையும் குறையுமாமே?

குறையும். ஜி.எல்.பி-1 மாதிரியே வேலை செய்து, ஆனால் நொதியால் சீக்கிரம் வெட்ட முடியாதபடி செய்த மருந்துகள் இவை. கதை அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியில் ஆரம்பிக்கிறது. அதன் நஞ்சில் எக்செண்டின்-4 என்ற பொருள் இருப்பதை ஜான் எங் 1992-ல் வெளியிட்டார். அது ஜி.எல்.பி-1-ஐ ஒத்திருந்தது, இரத்தத்தில் நீண்ட நேரம் நின்றது. அதிலிருந்து வந்த எக்செனடைட் ஊசிக்கு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு லிராகுளுடைட், துலாகுளுடைட், 2017-ல் செமாகுளுடைட் (ஓசெம்பிக் என்று நீங்கள் கேள்விப்படுவது), 2022-ல் ஜி.ஐ.பி., ஜி.எல்.பி-1 இரண்டின் வேலையையும் பார்க்கும் டிர்செபடைட்.

நல்ல மருந்துகள். இருந்தாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு வரலாம், அதனால்தான் குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். பித்தப்பைக் கல் வரலாம், அரிதாகக் கணைய அழற்சி. மேல் வயிற்றில் விடாத வலி முதுகு வரை போனால் உடனே மருத்துவமனை. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் போடக்கூடாது. கர்ப்பத்தில் கூடாது. ஏற்கனவே கண் திரையில் பாதிப்பு இருந்தால், ஊசி ஆரம்பிக்கும் முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சை இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இரைப்பை மெதுவாகக் காலியாவதால்.

நிறுத்தினால்? செமாகுளுடைட் ஆய்வு ஒன்றில், நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. தனியார் கிளினிக்கில் மாதத்துக்குப் பல நூறு வெள்ளி ஆகும் மருந்தை ஆரம்பிக்கும் முன், எவ்வளவு காலம் வாங்க முடியும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் ஊசிப் பேனாக்களை வாங்காதீர்கள். போலி செமாகுளுடைட் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் உலக நாடுகளை எச்சரித்தது. போலிப் பேனாவில் இன்சுலின் இருந்து ஆள் மயங்கிய சம்பவங்கள் உண்டு. பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும்.

விரதம் இருக்கலாமா?

தைப்பூசத்துக்கும் புரட்டாசிக்கும் ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்களிடம் விடச் சொல்லி நான் வாதாட மாட்டேன். நாள் முழுக்க இருந்துவிட்டு இரவில் ஒரே நேரத்தில் சோறும் பாயசமும் உளுந்து வடையும் சாப்பிடும்போதுதான் சீனி எகிறுகிறது. விரதம் தொடங்க ஒரு மாதத்துக்கு முன்பே கிளினிக்கில் சொல்லி மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்குங்கள். விரதத்தை முடிக்கும்போது மோர், சுண்டல், காய்கறி, அப்புறம் சோறு. விரத நாளில் விரலைக் குத்திப் பார்ப்பதால் விரதம் கெடாது. 4-க்குக் கீழே போனால் அன்றைக்கு விரதத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

என் பிள்ளைகளுக்கும் வருமா? எப்போது சோதிப்பது?

2019-ல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், 2023 ஆய்வில் 15.6 விழுக்காட்டினருக்கும் இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். 2019-ல் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு அந்தச் சோதனை வரை தங்களுக்கு இருப்பதே தெரியாது. நம் உடல்வாகில் வயிற்றுக்குள் கொழுப்பு சீக்கிரம் சேர்கிறது, ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும் வருகிறது. அதனால் ‘பையன் குச்சி மாதிரி இருக்கிறான், அவனுக்கு எதற்கு’ என்று விட்டுவிடாதீர்கள்.

30 வயது தாண்டிய எல்லோரும் வருடம் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்கு இருந்து பிள்ளைக்கு எடையும் கூடியிருந்தால் அதற்கு முன்பே. கர்ப்ப காலத்தில் சீனி ஏறியிருந்த பெண்கள், குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள், அப்புறம் ஆண்டுதோறும். வெறும் வயிற்றுச் சோதனையில் தப்பிப்போவது இதில் தெரிந்துவிடும், ஏனென்றால் அந்தக் கரைசல் குடல் வழியாகப் போகிறது. காலை எட்டு மணிக்கு முன் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள், இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.